சீன் கிராஃப்: காட்சிமரமா, காட்சிக் கொடிவழியா?

அனைவருக்கும் வணக்கம்.

பாண்டா3டி என்ற கேம் எஞ்சினுக்கான பாடங்களைத் தமிழில் எழுத உட்கார்ந்த நாளிலிருந்து 'சீன் கிராஃப்' என்ற ஒரு சொல்லிலேயே நிற்கிறோம். காட்சியில் வரும் பொருள்களில் எது எதன் கீழ் என்று வைத்திருக்கும் அமைப்புதான் அது. அதற்குத் தமிழில் காட்சி வரைபடம், காட்சிக் கோட்டுரு, காட்சிமரம் என்று மூன்று வந்திருக்கின்றன. பெரும்பாலோர் காட்சிமரத்தின் பக்கம். போன ஞாயிறு வரை நானும் அந்தப் பக்கம்தான் இருந்தேன்.

அதற்கு முன், கணினி விளையாட்டுகளை உருவாக்கி ஓட்ட உதவும் மென்பொருளான கேம் எஞ்சினுக்கு 'ஆட்டப்பொறி' என்று முடிவானதில் எனக்கு முழுச் சம்மதம். தேடுபொறி நன்றாக ஊன்றிவிட்டது, அதே வார்ப்பில் இதுவும் நிற்கும். விளையாட்டு இயந்திரம் என்றால் காசு போட்டு ஆடுகிற பெட்டிதான் நினைவுக்கு வருகிறது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: பாண்டா டிஸ்னி நிறுவனத்துக்குள் பிறந்த ஆட்டப்பொறி. 2003இல் வெளிவந்த டூன்டவுன் ஆன்லைன் என்ற இணைய விளையாட்டு இதில்தான் ஓடியது. அதற்கு முந்தைய ஆண்டே இதைத் திறமூலமாக்கி (ஓப்பன் சோர்ஸ்) விட்டார்கள். உள்ளே கனமான வேலையெல்லாம் சி++ நிரல்மொழியில், நாம் எழுதுவது பைதான் மொழியில். பைதான் 3இல் மாறியின் (வேரியபிள்) பெயரைத் தமிழிலேயே வைக்கலாம் என்பதால், என் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் 'தேர்', 'சக்கரம்', 'உற்சவர்' என்றே நிரல் எழுதுகிறார்கள்.

அந்தத் தேரில்தான் எனக்குக் காட்சிமரம் இடித்தது.

திரையில் தெரியும் ஒவ்வொரு பொருளும் ஒரு கணு (நோட்). 'ரெண்டர்' என்பது ஆதிக்கணு. அதன் கீழ் தேர், தேரின் கீழ் சக்கரம், கலசம், உற்சவர். தேரை நகர்த்தினால் கீழே உள்ளவை எல்லாம் கூடவே நகரும். சக்கரத்துக்குச் சொல்ல வேண்டியது தன் அச்சில் சுற்று என்பது மட்டும்தான், வீதியில் எங்கே நிற்கிறோம் என்ற கவலை அதற்கு இல்லை. இதுவரைக்கும் மரம் சரி.

அப்புறம் நான்கு சக்கரம் மாட்டப் போனோம். சக்கரத்தின் உருவக் கோப்பை நான்கு முறை ஏற்றத் தேவையில்லை. தேரின் கீழ் நான்கு வெற்றுக் கணுக்களை இடம் பார்த்து வைத்து, ஒரே சக்கரத்தை நான்குக்கும் 'இன்ஸ்டன்ஸ் டு' என்று கொடுத்தால் போதும். ஒன்றைச் சுற்றினால் நான்கும் சுற்றுகின்றன. உண்மையில் அங்கே இருப்பது ஒரே சக்கரம், அதற்குத் தாய்க்கணு மட்டும் நான்கு. ஒரு மாணவி கேட்டாள்: "மரத்துல ஒரு இலை நாலு கிளையில எப்படி சார் இருக்கும்?" என்னிடம் பதில் இல்லை.

பாண்டாவில் கணுவை நேரடியாகத் தொடாமல் 'நோட்பாத்' வழியாகவே தொடுவதற்கு இதுதான் காரணம். சக்கரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நான்கு பதில் உண்டு. ஆதிக்கணுவிலிருந்து எந்த வழியாக இறங்கி வந்தோம் என்று சொன்னால்தான் எந்தச் சக்கரம் என்று தெரியும்.

மரத்தில் இது முடியாது. வம்சத்தில் முடியும். ஒரு பிள்ளைக்கு அம்மா வழி, அப்பா வழி என்று இரண்டு வழி இருப்பது யாருக்கும் புதிதில்லை. ஆனால் தன் பேரனுக்குத் தானே பிள்ளையாவது அங்கேயும் நடக்காது, சீன் கிராஃபிலும் கூடாது. இந்த உறவுக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: கொடிவழி, அதாவது வம்சாவளி. ஆகவே என் முன்மொழிவு காட்சிக் கொடிவழி.

கணு என்ற சொல்லோடும் இது ஒட்டுகிறது. வெற்றிலைக் கொடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இலையும் புதுக் கிளையும் வேரும் கணுவில்தான் விடும். நோட்பாத்துக்குக் கணுவழி என்று வைத்தால் இரண்டும் ஒரே குடும்பமாக நிற்கும்.

நீளமாக இருக்கிறதே, 'காட்சிக்கொடி' போதாதா என்று கேட்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். தேர் உச்சியில் கொடி வைக்கும் பாடம் வந்தது. "கொடியைக் கொடியில் சேர்" என்று ஒரு வரி எழுதி, அதை வாசித்து, உடனே அழித்தேன். 'வழி' கட்டாயம் வேண்டும்.

கோட்டுரு பிழையில்லை. கணிதத்தில் அதுதான் சரியான சொல், அதை அங்கேயே விடலாம். ஆனால் யாருக்கு யார் கீழ் என்ற உறவை அது சொல்வதில்லை, இந்த இடத்தில் அந்த உறவுதான் எல்லாம். வரைபடம் வேண்டவே வேண்டாம், பிள்ளைகள் ஊர்ப்படம் என்று நினைக்கிறார்கள்.

ஒரு கணுவை வேறொரு தாய்க்கணுவின் கீழ் மாற்றும் 'ரீபேரன்ட் டு' கட்டளைக்குத் 'தாய்மாற்றம்' என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். பொருள் சரிதான். வம்சம் என்று வந்துவிட்டால் நம்மிடம் தத்து என்ற மூன்றெழுத்துச் சொல் காத்திருக்கிறது. உற்சவரை ரெண்டரிடமிருந்து தேருக்குத் தத்துக் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. உற்சவர் மண்டபத்தில், ஆதிக்கணுவிலிருந்து முப்பது அலகு முன்னால் இருந்தார். தத்துக் கொடுத்ததும் தேருக்கு முப்பது அலகு முன்னால் போய் அந்தரத்தில் நின்றார். எண் மாறவில்லை, யாரிடமிருந்து அளக்கிறோம் என்பது மாறிவிட்டது. பாதி வகுப்பு இதில்தான் தடுக்கி விழுந்தது. 'டபிள்யு ஆர் டி ரீபேரன்ட் டு' போட்டால் அவர் கண்ணுக்குத் தெரிந்த இடத்திலேயே நிற்பார், இனிமேல் தேர் நகரும்போது மட்டும் கூடவே நகர்வார். இதற்கு இடம்மாறாத் தத்து என்று எழுதினேன். இதைவிடச் சுருக்கமாக யாரிடமாவது இருந்தால் தாருங்கள், இந்தச் சொல்லில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

கொடிவழியில் மட்டும் பிடிவாதம் உண்டு. மறுப்பவர்கள் அந்த நான்கு சக்கரத்துக்கு ஒரு பதிலோடு எழுதுங்கள். புதன்கிழமைக்குள் வந்தால் தேர்ப் பாடத்தை அதற்கேற்ப மாற்றிவிட்டு அனுப்புகிறேன். 'ரெண்டர்' என்ற பெயரை அப்படியே விடுவதா, தமிழாக்குவதா என்பதைத் தனி இழையில் பேசலாம்.