பிகோவினாடியே வாழும் அணுக்கரு நிலையின் ஜி-காரணியை அளப்பது எப்படி?

கேள்வி: ஜி-காரணி என்பது அணுக்கருவின் காந்தத் திருப்புத்திறனுக்கும் கோண உந்தத்துக்கும் உள்ள விகிதம்; காந்தப்புலத்தில் அணுக்கரு எவ்வளவு விரைவாகத் திரும்பும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. ஆனால் கிளர்ந்த நிலை (கூடுதல் ஆற்றல் பெற்ற நிலை) சில பிகோவினாடிகளில் (ஒரு பிகோவினாடி வினாடியின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) சிதைந்துவிடும்போது, ஆய்வகக் காந்தப்புலத்தில் அணுக்கரு சுழன்று திரும்பவே நேரம் இராதே, பிறகு எதை அளக்கிறார்கள்?

பதில்: ஆய்வகக் காந்தம் தரும் சில டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) போதாது என்பது சரியே. ஆகவே விரைந்து செல்லும் அயனிகளைக் காந்தமேற்றிய இரும்பு அல்லது கடோலினியத் தகட்டினூடே செலுத்துகிறார்கள். அங்கே முனைவுற்ற எலக்ட்ரான்களால் அணுக்கரு உணரும் கணநேரப் புலம் ஆயிரக்கணக்கான டெஸ்லாவை எட்டுவதால், காமாக் கதிர்களின் கோணப் பரவல் சில மில்லிரேடியன்களாவது திரும்புகிறது. புலத்திசையை மாற்றி மாற்றி எண்ணிக்கைகளை ஒப்பிட்டே அத்திருப்பம் பிரித்தறியப்படுகிறது.

மற்றொருவர்: அளவீட்டைவிட அது சொல்லும் செய்தியே எனக்குச் சுவையானது. தற்சுழற்சி ஜி-காரணி புரோட்டானுக்கு 5.586, நியூட்ரானுக்கு −3.826 என்பதால், எந்தத் துகள் அந்நிலையில் மேலோங்குகிறது என்பதை விடையின் குறியே பெரும்பாலும் உணர்த்திவிடும்.

கேட்டவர்: நன்றி. அந்தப் புலத்தின் வலிமை எவ்வாறு தெரியும்?

பதில்: ஜி-காரணி முன்பே அறியப்பட்ட நிலைகளைக் கொண்டு அளவுதிருத்தம் செய்கிறார்கள், முடிவின் பிழைவரம்பில் கணிசமான பங்கு அங்கிருந்தே வருகிறது.