டிஸ்னி வேர்ல்டில் விலை கூடிய விடுதி தேவைதானா?

கேள்வி:
வணக்கம். டிசம்பரில் நானும் கணவரும், நான்கு வயது மகளையும் முழங்கால் வலியுள்ள மாமியாரையும் அழைத்துக்கொண்டு ஒர்லாண்டோ செல்கிறோம். கன்டெம்பரரி விடுதியில் ஓர் இரவுக்குக் கேட்கும் வாடகையில் டிஸ்னியின் மலிவு விடுதியான பாப் செஞ்சுரியில் இரண்டு மூன்று இரவுகள் தங்கிவிடலாம். பகலெல்லாம் பூங்காவில் இருக்கப்போகிறவர்கள் அறைக்கு இவ்வளவு கொடுப்பது தகுமா? அங்கேயே உள்ள யுனிவர்சல் கேளிக்கைப் பூங்காக்களுக்கும் இரண்டு நாள் ஒதுக்கியிருக்கிறோம்.

மறுமொழி 1:
பூங்காவுக்குள் அரை மணி நேரம் முன்னதாக நுழைவதும், காத்திருப்பைக் குறைக்கும் கட்டண வரிசையான லைட்னிங் லேனை ஏழு நாள் முன்பே பதிவு செய்வதும் (வெளியே தங்குவோருக்கு மூன்று நாள்தான்) பாப் செஞ்சுரியில் தங்குவோருக்கும் உண்டு; ஆகவே அவற்றுக்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. உயர்வகை விடுதிகளுக்கு மட்டுமே உரிய சலுகை, சில இரவுகளில் மேஜிக் கிங்டம், எப்காட் பூங்காக்களில் மற்றவர்களுக்கு மூடியபின் கிடைக்கும் கூடுதல் நேரம். நான்கு வயதுக் குழந்தை அதுவரை விழித்திருக்காது. எனவே நீங்கள் விலை கொடுப்பது அருகாமைக்குத்தான். கன்டெம்பரரியிலிருந்து மேஜிக் கிங்டமுக்குப் பத்து நிமிட நடை; மோனோரயிலோ விடுதிக் கட்டடத்துக்குள்ளேயே வந்து நிற்கிறது. மதியம் மகளும் மாமியாரும் அறைக்குத் திரும்பிப் படுத்தெழுந்து மாலையில் மீண்டும் வருவார்கள் என்றால் அந்தப் பணம் தகும், காலையில் போய் இரவில்தான் திரும்புவீர்கள் என்றால் தகாது.

மறுமொழி 2:
விலை கூடினால் பூங்கா அருகில் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். அனிமல் கிங்டம் லாட்ஜ் உயர்வகைதான், சில அறைகளின் மாடத்திலிருந்து ஒட்டகச்சிவிங்கிகளைக் காணலாம். ஆனால் எந்தப் பூங்காவுக்கும் பேருந்தில்தான் போக வேண்டும். பாப் செஞ்சுரியிலிருந்தோ 2019 முதல் எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் ஸ்கைலைனர் என்னும் கம்பிவட ஊர்தி செல்கிறது (இடி மின்னல் வந்தால் நிறுத்திவிடுவார்கள்). பேருந்தில் குழந்தையின் தள்ளுவண்டியை மடித்தாக வேண்டும், மோனோரயிலில் அப்படியே ஏற்றலாம். வாணவேடிக்கை முடிந்த கூட்டத்தில், உறங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியை மடிக்கும்போது இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். மேஜிக் கிங்டம் நாட்களுக்கு மட்டும் கன்டெம்பரரியில் தங்கிவிட்டுப் பிறகு பாப் செஞ்சுரிக்கு மாறுங்கள். பெட்டிகளை டிஸ்னியே கட்டணமின்றி மாற்றித்தரும்.

மறுமொழி 3:
யுனிவர்சலில் கணக்கு வேறு. போர்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிஃபிக் ஆகிய மூன்று விடுதிகளிலும் அறையில் தங்கும் அனைவருக்கும் நீண்ட வரிசையைத் தவிர்க்கும் எக்ஸ்பிரஸ் அன்லிமிடெட் சீட்டு வாடகையிலேயே அடக்கம்; வந்து சேரும் நாளிலும் கிளம்பும் நாளிலும் செல்லும் என்பதால் ஓரிரவு தங்கினால் இரண்டு நாள் கிடைக்கும். கூட்ட நாட்களில் தனியே வாங்கினால் ஒருவருக்கு ஒரு நாளைக்கே நூறு டாலரைத் தாண்டும். 2025இல் திறந்த எபிக் யுனிவர்ஸ் பூங்காவில் இது செல்லாது. ஆனால் பெரிய ராட்டினங்கள் பலவற்றுக்கு உயர வரம்பு உண்டு, மாமியாருக்கோ முழங்கால் வலி. ஆகவே நான்கு பேருக்கான சலுகையை இரண்டு பேருக்கானதாக எண்ணிக்கொண்டு வாடகையோடு ஒப்பிடுங்கள். அப்படியும் கட்டுபடியானால் தயங்காமல் பதிவு செய்யுங்கள்.