கிரவுண்ட் லூப்: புவியா, சட்டகமா, மீள்வழியா?

பிரேசர் டவுனிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

அன்புடைய கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

இருசக்கர வண்டிகளில் ஒலிபெருக்கியும் ஆம்ப்ளிஃபையரும் பொருத்துவோருக்கான கைந்நூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை காலை சிவாஜிநகர் அச்சகத்துக்குக் கோப்பு போயாக வேண்டும். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கங்களிலிருந்து பெங்களூருக்கு வேலை தேடி வந்து, பகலில் பட்டறையிலும் மாலையில் வகுப்பிலும் இருக்கும் இளைஞர்களே இதைப் படிக்கப் போகிறவர்கள். தமிழைத் தடையின்றிப் படிப்பார்கள்; ஆங்கிலக் கையேடு அவர்களுக்கு எட்டாது.

இரைச்சலைக் கண்டறிந்து நீக்கும் அத்தியாயத்தில் 'கிரவுண்ட் லூப்' என்ற தொடர் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. கைபேசி வண்டியின் யூ.எஸ்.பி. சார்ஜரில் மாட்டியிருக்கிறது, அதே கைபேசியிலிருந்து பாட்டின் சமிக்ஞையைக் கொண்டுசெல்லும் ஆக்ஸ் ஒயர் ஆம்ப்ளிஃபையருக்குப் போகிறது. சார்ஜரின் மைனஸ் ஓரிடத்திலும் ஆம்ப்ளிஃபையரின் மைனஸ் வேறிடத்திலும் இணைக்கப்பட்டிருக்க, ஆக்ஸ் ஒயரின் உலோகப் பின்னல் இவ்விரண்டையும் இன்னொரு வழியாகச் சேர்த்துவிடுகிறது. இப்படி உருவாகும் வளையமே 'கிரவுண்ட் லூப்'. அது மூடியதும், ஆக்ஸிலேட்டரைத் திருகத் திருக ஒலிபெருக்கியிலும் ஒரு கூரிய ஒலி உடன் ஏறுகிறது. வண்டியின் மின்னாக்கியான ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் அவ்வொலியை நூல் 'ஆல்டர்னேட்டர் வைன்' என்கிறது.

முதல் தொடருக்குப் 'புவித்தொடுப்பு வளையம்' என்றும், இரண்டாவதற்கு 'மின்னாக்கிச் சிணுங்கல்' என்றும் இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். இரண்டும் எனக்கு நிறைவளிக்கவில்லை. உங்கள் கருத்தை விரைவில் எழுதுமாறு வேண்டுகிறேன்.

அல்சூரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மையாருக்கு வணக்கம். ஒலியைக் குறிக்கும் சொல்லுக்குத் தமிழில் என்றும் பஞ்சம் இருந்ததில்லை. 'கம்பலை சும்மை கலியே அழுங்கல் என்று இவை நான்கும் அரவப் பொருள' என்று தொல்காப்பிய உரியியல் நான்கைச் சேர்த்து உரைக்கிறது. ஓசைச் சொற்களை அடுக்கும் நன்னூல் சூத்திரத்தில் 'இரை', 'இமிழ்' ஆகிய இரண்டுமே உள. நாம் அன்றாடம் வழங்கும் 'இரைச்சல்' அந்த 'இரை' என்னும் வேரிலிருந்து வந்ததேயாதலால், 'நாய்ஸ்' என்பதற்கு அதையே எல்லாரும் கொண்டது மிகப் பொருத்தம். அதை மாற்றும்படி எவரும் கேட்க வேண்டாம்.

'வைன்' என்பதற்குச் 'சிணுங்கல்' ஏற்காது. சிணுங்குவது குழந்தை, அங்கே ஒரு மனக்குறை இருக்கிறது, எந்திரத்துக்கு அது இல்லை. 'அழுங்கல்' ஒலியைக் குறிப்பதோடு இரக்கத்தையும் கேட்டையும் குறிக்கும் என்று அதே உரியியல் கூறுவதால், கெட்டுப்போன ஒலியைச் சொல்ல அது ஈர்க்கிறது. ஆயினும் மாணவர்கள் அதை அழுகையோடு சேர்த்துப் பார்ப்பார்கள் என்று அஞ்சுகிறேன். நான் முன்வைப்பது 'இமிர்வு'. சுரும்பு இமிரும், வண்டு இமிரும் என்பன சங்கப் பாடல்களில் பயின்ற ஆட்சிகள். இடையறாத ஒலிக்கு இதைவிடச் சிறந்த சொல் இல்லை. 'ரீங்காரம்' என்று ஒருவர் எழுதத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: ரகரம் தமிழில் மொழிமுதல் ஆகாது.

'லூப்' என்பதற்குக் 'கண்ணி'. வலையின் கண்ணியும் சங்கிலியின் கண்ணியும் பறவையைப் பிடிக்கும் கண்ணியும் ஒரே சொல்தான். மூடிக்கொண்ட வழி, அதற்குள் ஏதோ ஒன்று சிக்கிக்கொள்வது என்ற இரு பொருளையும் அது ஒருங்கே தருகிறது. ஆகவே 'நிலக்கண்ணி' என்று எழுதுக.

பீன்யாவிலிருந்து, மின்னணுப் பொறியாளர்:

புலவர் ஐயாவின் 'கண்ணி' எனக்கும் பிடித்திருக்கிறது. 'நிலம்', 'புவி' ஆகிய இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. இது தூய்மை பற்றிய தயக்கமன்று, பொருள் பற்றியது.

வண்டி இரண்டு ரப்பர் டயர்களின் மேல் நிற்கிறது. அதன் மின்சுற்றுக்கும் பூமிக்கும் எந்தத் தொடுப்பும் இல்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை. வீட்டுச் சுவரில் மூன்றாவது முனையிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் கம்பிக்குப் 'புவித்தொடுப்பு' என்று தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பழக்கிய சொல் அங்கே சரியானது, அது உயிரைக் காக்கிறது. வண்டியில் 'கிரவுண்ட்' எனப்படுவது பேட்டரியின் மைனஸ் முனையும் அதனோடு சேர்ந்த உலோகச் சட்டகமும் மட்டுமே. மின்சுற்றுப் படங்களில் பூமிக்கு ஒரு குறி, சட்டகத்துக்கு ஒரு குறி, சமிக்ஞையின் பொதுமுனைக்கு ஒரு குறி என மூன்றையும் வேறாகவே வரைகிறார்கள். ஆங்கிலம் ஒரே சொல்லால் மூன்றையும் போர்த்திவிட்ட குழப்பத்தை நாமும் ஏன் தமிழுக்குள் கொண்டுவர வேண்டும்? 'புவி' என்று படித்த மாணவன், இரைச்சல் வந்ததும் மண்ணில் கம்பி இறக்க வேண்டுமோ என்று நினைப்பான். அவன் பார்க்க வேண்டிய இடமோ பெயிண்ட் சுரண்டப்படாத ஒரு போல்ட்.

எண்ணிக்கையோடு சொல்கிறேன். 60 வாட் ஹாலஜன் விளக்கு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுக்கிறது. அதன் திரும்பும் பாதையில் துருவாலோ பெயிண்டாலோ 10 மில்லி ஓம் மின்தடை கூடினால், அவ்விடத்தில் 50 மில்லிவோல்ட் வேறுபாடு எழும். நிலையான அந்த வேறுபாடு காதுக்குக் கேட்காது. சார்ஜிங் சுற்றின் அலைவு அதன் மேல் ஏறி, 5 மில்லிவோல்ட் அளவுக்கு ஆக்ஸ் ஒயரின் பின்னலில் நுழைந்தாலே போதும். சில நூறு மில்லிவோல்ட் மட்டுமே உள்ள சமிக்ஞையோடு அது கலந்து, ஆம்ப்ளிஃபையரில் பெருகி, பாட்டின் இடைவெளிகளில் தெளிவாகக் கேட்கும். எனவே 'சட்டகக் கண்ணி' என்று எழுதலாம் என்பது என் கருத்து.

'இமிர்வு' பற்றி ஒன்று. 12 காந்த முனைகள் கொண்ட சுழலியும், அதனருகே அசையாது நிற்கும் மூன்று கட்டக் கம்பிச்சுருளான ஸ்டேட்டரும் உள்ள மின்னாக்கியில், எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது 300 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம் பிறக்கிறது. அதை நேர்மின்னோட்டமாக்கும் ரெக்டிஃபையரைத் தாண்டியபின் அலைவு அதன் ஆறு மடங்கு, அதாவது 1,800 ஹெர்ட்ஸ். 6,000 சுற்றில் 3,600. இது மிகக் கூரிய ஒலி. தேனீயின் சிறகடிப்போ நொடிக்கு 200-ஐச் சற்றே தாண்டுவது. ஆதலால் 'இமிர்வு' என்பதை வீட்டு மின்சாரத்தின் 50, 100 ஹெர்ட்ஸ் 'ஹம்' ஒலிக்கு ஒதுக்கிவிட்டு, இங்கே 'கீச்சொலி' என்று எழுதினால் இரண்டு சொற்களுக்கும் தனித்தனி வேலை கிடைக்கும்.

ஜே.சி. சாலையிலிருந்து, வண்டி ஒலியமைப்புப் பொருத்துநர்:

ஐயாமார்களுக்கும் அம்மாவுக்கும் வணக்கம். எங்கள் தெருவில் கன்னடம் பேசுகிறவரும் தமிழ் பேசுகிறவரும் உருது பேசுகிறவரும் 'எர்த்' என்ற ஒரே சொல்லைத்தான் சொல்கிறோம். சட்டகத்தில் எடுத்தால் 'பாடி எர்த்', பேட்டரியிலிருந்து எடுத்தால் 'டைரக்ட் எர்த்'. புத்தகத்தில் 'சட்டகக் கண்ணி' என்று படித்துவிட்டு வரும் பையன் கடையில் அந்தச் சொல்லைச் சொன்னால், பக்கத்து மேசைக்காரர் எதை எடுத்துக் கொடுப்பார்? 'எர்த் வளையம்' என்று எழுதினால் இருவருக்கும் புரியும்.

பொறியாளர் ஐயா சொன்னதிலும் ஒரு இடம் எனக்குச் சரியாகப் படவில்லை. எல்லா வண்டியிலும் வளையம் சட்டகத்தின் வழியாகப் போவதில்லை. இப்போது வரும் பல வண்டிகளில் விளக்கு, மீட்டர், சார்ஜர் எல்லாவற்றின் மைனஸும் ஒயரிங்குக்குள்ளேயே சேர்ந்து பேட்டரிக்குப் போகின்றன. சார்ஜரை முன்விளக்கின் மைனஸ் ஒயரில் ஒட்டுப்போட்டு எடுத்திருப்பார்கள், ஆம்ப்ளிஃபையரைப் பேட்டரியிலிருந்து எடுத்திருப்பார்கள். வளையம் முழுவதும் ஒயரிலேயே இருக்கும். அங்கே 'சட்டகம்' என்று சொன்னால் பையன் போல்டைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான்.

நூலில் சோதிக்கும் வரிசை சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள், சொல்லைவிட அது முக்கியம். எஞ்சின் ஓடும்போதே ஆக்ஸ் ஒயரைக் கழற்ற வேண்டும். சத்தம் நின்றால் கோளாறு சமிக்ஞை வழியில் வருகிறது. நிற்காவிட்டால் பவர் ஒயர் வழியாக வருகிறது, அதற்குச் சோக் என்னும் கம்பிச்சுருள் போட்ட ஃபில்டர் வேண்டும். ஆக்ஸை மாட்டியபடியே சார்ஜரை மட்டும் கழற்றிச் சத்தம் நின்றால், நீங்கள் பெயர் தேடும் வளையம் அதுதான். மைனஸ் எல்லாவற்றையும் பேட்டரி முனை ஒன்றிலேயே சேர்க்க வேண்டும், அதுவும் போதாவிட்டால் ஆக்ஸ் வழியில், ஒயர்களை நேரடியாகச் சேர்க்காமல் சமிக்ஞையை மட்டும் கடத்தும் ஐசொலேட்டர் டிரான்ஸ்ஃபார்மர். எஞ்சின் ஏற ஏற 'டிக் டிக்' என்று நெருங்கி வரும் சத்தம் வேறு: அது ஸ்பார்க் பிளக். ரெசிஸ்டர் உள்ள பிளக்கோ பிளக் கேப்போ மாட்டினால் அடங்கும்.

அல்சூரிலிருந்து, தமிழாசிரியர்:

பொருத்துநர் தம்பியின் சோதனை வரிசை எனக்கே விளங்கிவிட்டது. அவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறார். ஆனால் 'எர்த்' நூலேறுவதை நான் ஒப்பேன். வல்லின மெய் தமிழில் மொழியிறுதியில் நிற்பதில்லை. 'எர்த்து' என்று உகரம் கூட்டினாலும், அது பூமியென்னும் பொருளையே தன்னுள் வைத்திருக்கிறது. பொறியாளர் 'புவி'யைத் தள்ளியதற்குக் கூறிய காரணம் முழுவதும் 'எர்த்' என்பதற்கும் பொருந்துகிறதே! கடையில் அது வழங்கட்டும். தமிழில் கற்பிக்கும் நூல் ஒரு சொல்லை முதன்முதலாக நிறுவும்போது, பழகிய பிழையையே எழுத்தில் நிறுத்திவிட்டால், அதைப் பிறகு எவராலும் பெயர்க்க இயலாது.

சட்டகம் வழியாயினும் ஒயர் வழியாயினும் மின்னோட்டம் மீண்டு செல்லும் பாதை அது. ஆதலின் அதை 'மீளி' என்று அழைத்து, 'மீளிக் கண்ணி' என்போம். இரண்டெழுத்துச் சொல், வாயில் நிற்கும், கூட்டுச் சொற்களுக்கும் இடந்தரும்.

பீன்யாவிலிருந்து, பொறியாளர்:

ஐயா, மீண்டு செல்லும் பாதை என்று தாங்கள் சொன்னதில் இந்த விவாதத்தின் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. வீட்டிலும் வண்டியிலும் விமானத்திலும், பூமி இருந்தாலும் இல்லாவிட்டாலும், மின்னோட்டத்துக்குத் திரும்பும் வழி ஒன்று இருந்தே தீரும். ஒரு சமிக்ஞை திரும்ப ஒரே வழி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வழிகள் இருப்பதே இக்கோளாறு. சொல்லே அதைச் சொல்லிவிடும். பொருத்துநர் காட்டிய விதிவிலக்கையும் கருதி, 'சட்டகத்தை' நான் விட்டுவிடுகிறேன்.

ஆனால் 'மீளி' வேண்டாம். சங்கப் பாடல்களில் அது வீரனைக் குறிக்கிறது. பாட்டியல் நூல்களில் ஆண்மகனின் பருவப் பெயர்களுள் ஒன்று. அதைப் படிக்காத மாணவனுக்கோ அதில் வழி என்ற குறிப்பே கிடைக்காது. 'மீள்வழி' என்றால் விளக்கமே தேவையில்லை.

ஜாலஹள்ளியிலிருந்து, இயற்பியல் ஆசிரியர்:

எல்லாக் காரணங்களையும் படித்தேன். ஆயினும் உடன்பட இயலவில்லை. இந்த மாணவர்கள் பத்தாம் வகுப்பில் 'புவித்தொடுப்பு' என்று படித்து வந்தவர்கள். நாளை ஐ.டி.ஐ. தேர்வு எழுதினால் அங்கும் அதையே காண்பார்கள். வேதியியலில் உயிர்வளியும் ஆக்சிஜனும் பட்ட பாடு நமக்குத் தெரியும்: ஒவ்வொரு நூலும் ஒரு சொல்லைத் தேர்ந்து, கற்பவனைத் தத்தளிக்க விட்டது. சற்றே பொருள் வழுவிய சொல்லாயினும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதே மேல். 'புவித்தொடுப்பு வளையம்' என்று எழுதி, வண்டியில் அது பூமியைத் தொடுவதில்லை என்று ஒரு வரி விளக்கம் கொடுத்தால் போதும்.

பிரேசர் டவுனிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் நன்றி. நாளைக் காலை கோப்பு போகிறது, ஆகவே இன்றிரவு முடிவெடுத்தாக வேண்டியிருக்கிறது. அத்தியாயத் தலைப்பிலும் உடற்பகுதியிலும் 'மீள்வழி வளையம்' என்று எழுதுகிறேன். அது முதலில் வரும் இடத்தில், பட்டறைகளில் இதை 'எர்த் லூப்' என்பார்கள் என்று தனி வாக்கியமாகச் சேர்க்கிறேன். படங்களில் ஒயரின் அருகே 'மைனஸ்' என்றே எழுதுகிறேன், ஏனென்றால் கையில் ஸ்பேனரோடு படம் பார்ப்பவனுக்கு அதுவே உதவும். ஜாலஹள்ளி ஐயாவின் கருத்தை மதித்து, வீட்டு மின்னிணைப்பு பேசப்படும் பின்னிணைப்பில் 'புவித்தொடுப்பு' மாறாமல் இருக்கும்.

ஒலிக்குக் 'கீச்சொலி'. 'இமிர்வு' ஹம் ஒலிக்கு. 'கண்ணி' அழகிய சொல்தான். ஆனால் அடுத்த அத்தியாயத்தில் சங்கிலியின் இணைப்புகளைக் கண்ணி என்றே எழுதியிருப்பதால், ஒரே நூலில் இரண்டும் மோதும். பொருத்துநர் தந்த சோதனை வரிசை நூலில் உள்ளதைவிடத் தெளிவாக இருக்கிறது. அவர் இசைந்தால், மூலத்தின் பொருள் மாறாமல் அந்த ஒழுங்கிலேயே அமைக்கிறேன்.

ஜே.சி. சாலையிலிருந்து, பொருத்துநர்:

தாராளமாக எழுதுங்கள் அம்மா. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: எந்த மைனஸைக் கழற்றுவதற்கு முன்பும் சாவியை அணைக்க வேண்டும், பேட்டரியில் முதலில் கழற்றுவது மைனஸ், கடைசியில் மாட்டுவதும் மைனஸ்.

அல்சூரிலிருந்து, தமிழாசிரியர்:

அம்மையாரின் முடிவுக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. சங்கிலியில் உள்ளதும் மின்வழியில் உள்ளதும் ஒரே கண்ணிதான், இடம் நோக்கிப் பொருள் கொள்வது தமிழ் மாணவனுக்கு இயல்பு. சொல்லடைவில் 'மீள்வழி வளையம்' என்பதன் எதிரே 'மீள்வழிக் கண்ணி என்றும் கூறலாம்' என்று ஒரு வரி சேர்க்க அச்சகத்தில் இடம் கேட்டுப் பாருங்கள்.