ஒரே சொல், இரண்டு விடை

குழு: நம் வீட்டார்

குட்டி (இரவு 8:12): பெரியப்பா, நாளை ஆங்கிலத் தேர்வு. கோடிட்ட ஃப்ரேஸ் (சொற்றொடர்) எந்த வகை என்று எழுத வேண்டும். ‘ஸ்விம்மிங் இன் தி ரிவர்’ என்பதற்கு ஓரிடத்தில் ஜெரண்ட் என்றும் இன்னோரிடத்தில் பார்ட்டிசிபிள் என்றும் விடை இருக்கிறது. சொற்கள் மாறவே இல்லையே!

அண்ணன்: முதல் சொல்லைப் பார்த்தாலே தெரிந்துவிடுமே. ‘இன்’, ‘ஆன்’ வந்தால் பிரிப்பொசிஷனல்.

பெரியப்பா: இங்கே அது போதாது தம்பி. குட்டி, வாக்கியங்களை முழுதாக அனுப்பு கண்ணு.

குட்டி: ‘ஸ்விம்மிங் இன் தி ரிவர் இஸ் ஃபன்.’
‘தி பாய் ஸ்விம்மிங் இன் தி ரிவர் இஸ் மை கசின்.’

பெரியப்பா: தமிழில் சொல்.

குட்டி: ஆற்றில் நீந்துதல் இன்பம். ஆற்றில் நீந்தும் பையன் என் அத்தை மகன்.

பெரியப்பா: நீந்துதல் தொழிற்பெயர், அதுதான் ஜெரண்ட். நீந்தும் பெயரெச்சம்; பையனைத் தழுவி நிற்கிறது, ஆகவே பார்ட்டிசிபிள். ஆங்கிலம் மறைப்பதைத் தமிழ் விகுதியிலேயே காட்டிவிடுகிறது!

அத்தை: அந்த இடத்தில் ‘இட்’ போட்டும் பார்க்கலாம். ‘இட் இஸ் ஃபன்’ சரியாக வருகிறது. இரண்டாவதில் ‘தி பாய் இட்’ என்றாகி வாக்கியமே உடைகிறது.

குட்டி: அப்படியானால் ‘ஹியரிங் தி பெல், ஷி ரேன் அவுட்’? மணியோசை கேட்டு ஓடினாள். இது வினையெச்சம் ஆயிற்றே!

பெரியப்பா: நல்ல கேள்வி. ஆங்கிலத்தில் அதுவும் பார்ட்டிசிபிள்தான். ‘இங்’ என்று முடியும்போது பெயரெச்சம், வினையெச்சம் இரண்டும் ஒரே பெட்டி. தொழிற்பெயர் மட்டும் தனி.

அண்ணன்: ‘டு’ வந்தால்?

பெரியப்பா: ‘ஐ வென்ட் டு மதுரை’: மதுரைக்கு, நான்காம் வேற்றுமை. அது பிரிப்பொசிஷனல். ‘ஐ வென்ட் டு சீ கிராண்ட்மா’: பாட்டியைப் பார்க்க. ‘டு’வை அடுத்து வினை வருவதால் இன்ஃபினிட்டிவ்.

குட்டி (8:31): நானே ஒன்று எழுதினேன். ‘தி கேட் ஸ்லீப்பிங் ஆன் தி ரைஸ் பேக் இஸ் அவர்ஸ்.’ அரிசி மூட்டைமேல் தூங்கும் பூனை. பார்ட்டிசிபிள்!

பெரியப்பா: சபாஷ்! ‘ஆன் தி ரைஸ் பேக்’குக்கு மட்டும் கோடு போட்டிருந்தால்?

குட்டி: பிரிப்பொசிஷனல். கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா: குட்டி, பூனை உண்மையிலேயே மூட்டைமேல்தான் இருக்கிறதா? இறக்கிவிட்டுச் சாப்பிட வா.