குழந்தை கணக்கிடுகிறதா, விதியைப் பிடிக்கிறதா?

இளவேனில்:
எட்டு மாதக் குழந்தைக்குப் பேசத் தெரியாது. ஆனால் அடுத்து எந்த ஒலி வரும் என்று எதிர்பார்க்கத் தெரியும். 1996இல் சாஃப்ரன், ஆஸ்லின், நியூபோர்ட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதைக் காட்டினார்கள். பொருளற்ற மூன்றசைச் சொற்கள் நான்கை ‘பிடாகுபாடோடிகோலாபு’ என்று இடைவெளியே இல்லாமல் இரண்டு நிமிடம் ஒலிக்கவிட்டார்கள். சொல்லுக்குள் ‘பி’யை அடுத்து ‘டா’ வருவது உறுதி. சொல் முடிந்த இடத்திலோ மற்ற மூன்று சொற்களின் முதல் அசைகளில் எதுவும் வரலாம். இந்த ஒரு வேறுபாட்டைக் கொண்டே குழந்தைகள் சொல்லின் எல்லையைக் கண்டுகொண்டன. வரிசையைக் கற்க, எதை அடுத்து எது எவ்வளவு அடிக்கடி வரும் என்ற இந்தக் கணக்கே போதும், ‘முதலும் கடையும் ஒன்று’ என்பது போன்ற விதி எதுவும் தேவையில்லை என்பது என் கருத்து.

கதிர்:
கடைசி வரியை ஏற்க முடியவில்லை. 1999இல் கேரி மார்கஸ் குழுவினர் ஏழு மாதக் குழந்தைகளுக்கு ‘க டி க’, ‘லி ந லி’ போன்ற வரிசைகளைக் கேட்கச் செய்தார்கள். பிறகு ‘வோ ஃபே வோ’, ‘வோ ஃபே ஃபே’ என்று முற்றிலும் புதிய அசைகள். முதல் சோதனையில் 16 குழந்தைகளில் 15, பழகாத அமைப்பையே அதிக நேரம் கவனித்தன. இதற்குமுன் கேட்டிராத அசைகளுக்கு எந்தக் கணக்கை வைத்திருக்கும் குழந்தை?

குறிஞ்சி:
ஒரு குழந்தை எதையோ சற்றுக் கூடுதலாகப் பார்த்தது என்பதற்காக அதன் மூளைக்குள் விதி இருக்கிறது என்று சொல்லிவிடலாமா? மடியில் வைத்திருக்கும் தாயே அறியாமல் குறிப்புக் காட்டியிருக்கலாம். அல்லது எதை அடிக்கடி கேட்டதோ அது பழகியிருக்கலாம், அவ்வளவுதான்.

இளவேனில்:
குறிஞ்சி, இரண்டுக்கும் பதில் இருக்கிறது. பக்கவாட்டில் ஒரு விளக்கு மினுங்கும். குழந்தை அதன் பக்கம் தலையைத் திருப்பினால் ஒலி தொடங்கும், முகத்தைத் திருப்பிக்கொண்டால் நின்றுவிடும். தாயின் காதில் அந்த நேரம் முழுவதும் இசை ஓடிக்கொண்டிருக்கும், அவருக்கு எந்த ஒலி வருகிறது என்றே தெரியாது. கேட்ட தடவைகளைச் சமமாக்கி 1998இல் சாஃப்ரன் குழுவினரே மறுபடி சோதித்தார்கள். முடிவு மாறவில்லை.

கதிர், ஒட்டி வரும் இரட்டிப்பைப் பிடிக்க விதி வேண்டாம், காதே போதும். 2008இல் பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகளின் மூளை ‘முபாபா’ போன்ற வரிசைகளைத் தனித்து உணர்ந்தது. முதலும் கடையும் ஒன்றான வரிசையில் அந்த வேறுபாடு தெரியவில்லை.

கதிர்:
இரட்டிப்பு காதுக்கு எளிது என்பதை ஒப்புக்கொள்கிறேன், அது வலுவான வாதம். ஆனால் முதலும் கடையும் ஒன்றான அமைப்பை ஏழு மாதக் குழந்தைகள் பிடித்தனவே! ஒட்டாத இரண்டைச் சேர்த்துப் பார்ப்பது வெறும் அடுத்தடுத்த கணக்கில் அடங்காது. உங்கள் கணக்குக்கும் ஒரு பலவீனம் உண்டு. சொற்களின் நீளம் ஒன்றுபோல் இல்லாதபோது குழந்தைகள் தடுமாறியதை 2010இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. நாம் பேசும் சொற்கள் எல்லாம் ஒரே நீளமா?

மீனா:
ஆய்வெல்லாம் எனக்குத் தெரியாது. என் மகனுக்கு ஒன்பது மாதம். மேசையை இருமுறை தட்டிவிட்டுக் கைதட்டுவேன். நான்காம் நாள், இரண்டாவது தட்டு விழுந்ததும் மேசையை விட்டு என் கைகளைப் பார்த்தான். கைதட்டாமல் நிறுத்தினேன். கைகளையே பார்த்தான், பிறகு என் முகத்தைப் பார்த்தான். கரண்டியால் தட்டியபோதும் அதே பார்வை.

கதிர்:
கரண்டியின் ஒலி வேறு, எதிர்பார்ப்பு அதேதான். இதைத்தான் நான் சொல்கிறேன்.

இளவேனில்:
தட்டுதான் மாறியது, எண்ணிக்கை மாறவில்லையே. மீனா, ஒருமுறை மூன்று தட்டுத் தட்டிப் பாருங்கள்.

மீனா:
இப்போதுதான் பார்த்தேன். இரண்டாவது தட்டிலேயே கைகளுக்கு வந்துவிட்டான். மூன்றாவது விழுந்ததும் மேசையைப் பார்த்தான், மறுபடி கைகளை. அப்புறம் தன் கையால் மேசையைத் தட்டினான், ஒரே ஒருமுறை.