வேண்டுதலுக்கு ஒரு அசைவும் தெரியவில்லை. உங்களுக்கு எதில் தெரிந்தது?

போரூர்வாசி:
வணக்கம். போன ஆடியில் என் வீட்டுக்காரருக்கு வேலை போனது. இப்போது சித்திரையும் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை தவறாமல் வடபழனி முருகன் முன்னால் போய் நிற்கிறேன். “உனக்குத் தெரியாம அவன் பாத்துக்கிட்டுதான் இருப்பான்” என்கிறார் என் மாமியார். ஆறுதலுக்குத்தான் சொல்கிறார், புரிகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியாததை எதைப் பிடித்துக்கொண்டு நம்புவது? தத்துவம் வேண்டாம். இந்தச் சென்னையில், தினசரி வாழ்க்கையில், எதையாவது பார்த்து “இது அவன் செயல்” என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால் சொல்லுங்கள்.

பற்றவைப்பு அண்ணன்:
தங்கச்சி, போரூர் என்றதுமே எனக்கு வீராணம் ஏரிதான் ஞாபகம் வந்தது. அந்தத் தண்ணீர் வந்து சேருவது உங்கள் ஊருக்குத்தான். 2004-ல் முடிந்த அந்தத் திட்டத்தில், திண்டிவனம் பக்கம் குழாய்க்கு வெல்டிங் வைத்தவர்களில் நானும் ஒருவன்.

குடகில் பெய்யும் மழை காவிரியாகி மேட்டூரில் தேங்குகிறது. அங்கிருந்து திறந்துவிட்டால் கொள்ளிடம், கீழணை, அப்புறம் வடவாறு வழியாக வீராணம். சோழர் வெட்டிய ஏரி அது, ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. சேத்தியாத்தோப்பில் இறைத்து, வடக்குத்து என்கிற ஊரில் சுத்தம் செய்து, கடாம்புலியூர்த் தொட்டிக்கு ஏற்றுகிறார்கள். அங்கிருந்து போரூர் வரைக்கும் மோட்டார் கிடையாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாகவே ஓடி வருகிறது. ஏரியிலிருந்து கணக்குப் போட்டால் சுமார் 230 கிலோமீட்டர். சென்னையிலிருந்து தெற்கே போகிற ஜிஎஸ்டி ரோட்டில் பஸ்ஸில் போகிற எத்தனை பேருக்கு இது தெரியும்?

நான் பற்றவைத்த குழாயில் தண்ணீர் ஓடி நான் பார்த்ததே இல்லை. இணைப்பு முடிந்ததும் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு அடுத்த இணைப்புக்கு நகர்ந்துவிடுவோம். அந்த மண்ணுக்குள் இரவு பகலாக அது வந்துகொண்டிருக்கிறது. நீங்கள் காலையில் குழாயைத் திறக்கும்போது விழுகிற தண்ணீர், அதற்கு எத்தனையோ நாள் முன்னால், உங்களுக்குத் தாகம் எடுக்காதபோதே கிளம்பிவிட்டது. முருகனும் அப்படித்தான் என்று நான் மனசார நம்புகிறேன். நீங்கள் கேட்டது கேட்டபடியே கிடைக்கும் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. குழாயில் சத்தம் இல்லை என்பதால் மட்டும் அவன் கைகட்டி உட்கார்ந்திருக்கிறான் என்று நினைக்காதீர்கள்.

வில்லிவாக்கம் டீச்சர்:
அண்ணன் சொன்னதோடு நான் ஒன்று சேர்க்கிறேன். 2019 கோடை ஞாபகம் இருக்கிறதா? சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் எல்லாமே வறண்டு கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து எங்கள் ஊருக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. ஐம்பது வேகன், 25 லட்சம் லிட்டர். அவ்வளவு பெரிய நகரத்துக்கு அது கொஞ்சம்தான். ஆனாலும் அந்த வண்டியைப் பார்த்து நான் கைகூப்பினேன். வால்வு திறந்தவர், குழாய் மாட்டியவர், வண்டி ஓட்டியவர் என்று எல்லோரும் மனிதர்கள். கடவுள் பெரும்பாலும் மனிதர் கையால்தான் கொடுக்கிறார். அதனால் மா, கோயிலில் கேட்பதை நாலு மனிதரிடமும் கேளுங்கள். அவரோடு முன்பு வேலை பார்த்தவர்களுக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை.

போரூர்வாசி:
அண்ணா, டீச்சர், ரொம்ப நன்றி. மனசு முழுதாக ஆறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வேலை போன விஷயத்தை அவர் இன்னும் யாரிடமும் சொல்லவே இல்லை. இன்று ராத்திரி பேசிப் பார்க்கிறேன். பிள்ளைகளுக்கு அந்த ஏரியைக் காட்ட ஆசை. எப்படிப் போவது?

பற்றவைப்பு அண்ணன்:
சிதம்பரம் வரை ரயில், அங்கிருந்து காட்டுமன்னார்கோயில் பஸ். வீரநாராயணப் பெருமாளைச் சேவித்துவிட்டு லால்பேட்டை பக்கம் போனால் ஏரிக்கரை ரோடு வந்துவிடும். இந்த வெயிலில் வேண்டாம், ஏரி வற்றிக்கூடக் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் போங்கள். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.