மலை வடிநிலத்தைக் கணினியில் அளந்தபோது: கொல்லிமலை, நீலகிரி அனுபவங்கள்

நிலவியல் ஆய்வு மாணவர், நாமக்கல்:

கொல்லிமலையில் அய்யாற்றின் மேல் வடிநிலத்தை, அதாவது மழைநீர் வடிந்து ஆற்றில் சேரும் நிலப்பரப்பை, ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். ஆகாய கங்கை அருவியாக விழுந்து புளியஞ்சோலைப் பக்கம் இறங்கும் அந்த ஆற்றுக்கு, விளிம்பில் செங்குத்தான பாறைச் சரிவும், உள்ளே நெல் வயல்கள் படிப்படியாகக் கிடக்கும் மெல்லிய பள்ளங்களும் உண்டு. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடார் மூலம் எடுத்த எஸ்.ஆர்.டி.எம். உயரத் தரவைக் கியூ.ஜி.ஐ.எஸ். மென்பொருளில் ஏற்றி, தரவில் உள்ள பொய்க் குழிகளை நிரப்பி, நீரோடும் திசையையும் தரவின் ஒவ்வொரு சதுரக் கட்டத்திலும் வந்து சேரும் நீரின் பரப்பையும் கணித்தேன். அதுவரை எல்லாவற்றையும் மென்பொருளே செய்துவிடும். எத்தனை கட்டங்களின் நீர் சேர்ந்தால் அதை ஓடை என்று கொள்வது என்னும் எல்லை எண்ணை மட்டும் நாம்தான் கொடுக்க வேண்டும். மற்ற அளவுகள் பலவும் அதைச் சார்ந்தே நிற்கின்றன.

30 மீட்டர் தரவில் ஒரு கட்டம் 900 சதுர மீட்டர். எல்லையை 100 கட்டங்கள் என்று வைத்தால் 9 ஹெக்டேரிலேயே ஓடை பிறந்துவிடும். 1000 என்றால் 90 ஹெக்டேர் தேவைப்படும். எண்ணைக் குறைக்கக் குறைக்க கிளை சேராத முதல் வரிசை ஓடைகள் பெருகும், வடிகால் அடர்த்தி (ஒரு சதுர கிலோமீட்டருக்கான ஓடைநீளம்) ஏறும், கிளைகள் சேர்வதை வைத்து ஓடைகளுக்கு வரிசை எண் தரும் ஸ்ட்ராலர் முறையில் ஆற்றின் வரிசைகூட ஒரு படி உயர்ந்துவிடலாம். எனவே, எல்லை எண்ணைச் சொல்லாத இரண்டு ஆய்வுகளின் வடிகால் அடர்த்தியை அருகருகே வைத்து, ஒரு மலையில் அரிப்பு அதிகம், மற்றதில் குறைவு என்று முடிவு கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் உள்ள நீலக் கோடுகளோடு ஒப்பிட்டுவிட்டு, ஓடைகளின் தலைப்பகுதிகளைத் தேடி நடந்தேன். ஒரு பள்ளத்தின் மேல்முனையில், பலா மரத்தடியில், வரப்பின் அடிக்கல்லுக்கும் மண்ணுக்கும் இடையே நீர் கசிந்து, கீழ் வயலுக்கு வெட்டிய கால்வாயில் இறங்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்த பெரியவர், "மழைக்காலத்துல ஊத்து இன்னும் மேல, அந்தப் பாறைகிட்ட பொறக்கும் தம்பி" என்று கை காட்டினார். கணினி அதற்கு வெகு கீழேதான் கோட்டைத் தொடங்கியிருந்தது. வயல் அடிகளில் அது வரைந்த நேர்கோடுகளுக்கோ தரையில் தடமே இல்லை. செங்குத்துச் சரிவில் சிறு பரப்பே ஓடையைத் தொடங்கப் போதும் என்பதால், சரிவுக்கும் பள்ளத்துக்கும் ஒரே எண் பொருந்தாது என்று அங்கே தெளிந்தேன்.

நீர்வடிப்பகுதித் திட்டப் பணியாளர், உதகமண்டலம்:

நண்பர் சொல்வது நீலகிரிக்கும் பொருந்தும். இங்கே கூடுதலாக இரண்டு சிக்கல்கள் உண்டு. அந்த ரேடார் அடர்ந்த மரக்கூட்டத்தை முழுமையாக ஊடுருவாததால், சோலைக்காடுகளும் தைலமரத் தோப்புகளும் தரையைவிட உயரமாகப் பதிவாகின்றன. சோலை நிறைந்த மடுவில் ஓடைக்கோடு காட்டின் ஓரத்துக்கு விலகி ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். அவலாஞ்சி, எமரால்டு போன்ற நீர்த்தேக்கங்களில் தட்டையான நீர்ப்பரப்பின்மேல் இயல்புக்கு மாறான இணைகோடுகள் தோன்றும். அவற்றை நீக்கிவிட்டுத்தான் ஓடைநீளத்தைக் கூட்ட வேண்டும்.

வரைபடத்தின் ஆயத்தொலை முறையும் முக்கியம். உலகை 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரிக்கும் யு.டி.எம். முறையில் நீலகிரி 43ஆம் மண்டலத்திலும், கொல்லிமலை 78 பாகைக்குக் கிழக்கே இருப்பதால் 44ஆம் மண்டலத்திலும் வருகின்றன. பரப்பளவு கணக்கிடும் முன் இதைச் சரிபார்க்க வேண்டும்.

நாமக்கல் மாணவர்:

மிக்க நன்றி, ஐயா. வடிநிலத்தின் வடிவம் வட்டத்துக்கு எவ்வளவு நெருக்கம் என்று காட்டும் வட்டத்தன்மை விகிதம் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். அதன் சூத்திரத்தில் சுற்றளவு இருமடியாக வருவதால், கட்டங்களின் விளிம்பில் படிக்கட்டாக ஓடும் எல்லைக்கோட்டை அப்படியே அளந்தால் சுற்றளவு மிகுந்து, வடிநிலம் உள்ளதைவிட நீளமானதாகத் தோன்றும். அந்த எல்லைக்கோட்டை மென்மையாக்கிய பிறகே நான் அளக்கிறேன். ஓடை தொடங்கும் எல்லை எண்ணோடு இதையும் ஆய்வேட்டின் முறையியல் பகுதியில் எழுதியிருக்கிறேன்.